உயர் வகுப்பில் 'ஜூலியஸ் சீஸர்'

கடிதம் எழுதவும் அலுவல் பார்க்கவும் பயன்படுவதற்கே ஆங்கிலம் கற்கிறோம் என்றால், நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நாடகமொன்றை உயர் வகுப்பு மாணாக்கர் ஏன் படிக்க வேண்டும்? பெற்றோர் பலர் எழுப்பும் கேள்வி இது, நியாயமானதும்கூட. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்' நாடகத்தைக் கொண்டு இதற்கு விடை காண முயல்வோம்.

1599-ஆம் ஆண்டில் லண்டனில் மேடையேறிய இந்நாடகம், கி.மு. 44-இல் ரோமாபுரியில் நிகழ்ந்த சீஸரின் கொலையைப் பற்றியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களுள் இதன் நடை எளியது; அளவும் பெரிதன்று. ஆதலின் மொழியின் கடுமை இங்கே பெருந்தடையாகாது.

நாடகத்தின் உயிர்நிலை மூன்றாம் அங்கத்தில் வரும் இரு சொற்பொழிவுகள். கொலையில் பங்குகொண்ட புரூட்டஸ் முதலில் பேசுகிறான். நாட்டின் விடுதலைக்காகவே அதைச் செய்ததாக உரைநடையில் காரணம் காட்டுகிறான், மக்கள் ஆரவாரிக்கின்றனர். அடுத்து அந்தோணி பேசுகிறான். கொலை செய்தோரைப் பழிக்கலாகாது என்பது அவனுக்கு இடப்பட்ட நிபந்தனை. அவன் பழிக்கவில்லை, புரூட்டஸ் கண்ணியவான் என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் சீஸரின் நற்செயல் ஒன்றை அதன் அருகில் வைக்கிறான். அகராதியில் அச்சொல்லின் பொருள் மாறவில்லை. கேட்போர் செவியிலோ அது வசையாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர் நாள்தோறும் எதிர்ப்படும் உண்மை இது. இலக்கண நூல் இதைக் கற்பிப்பதில்லை.

ஆயினும், அச்சொற்பொழிவை மட்டும் பிரித்தெடுத்து மனப்பாடம் செய்வித்தல் போதாது. அந்தோணியின் சாமர்த்தியத்தை வியப்பதோடு மாணாக்கன் நின்றுவிடுவான். அதன் பின்வரும் இரு காட்சிகளையும் அவன் படித்தாக வேண்டும். வெறிகொண்ட கூட்டம் சின்னா என்பவனை வழிமறிக்கிறது. சதிகாரரில் ஒருவனுக்கும் அப்பெயர் உண்டு. தான் வெறும் கவிஞன் என்று அவன் கதறுகிறான். கவிதை நன்றாயில்லை என்பதே அவனைக் கொல்லப் போதிய காரணமாகிவிடுகிறது!

அடுத்த காட்சி இன்னும் கொடிது. குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மா தருவதாகச் சீஸரின் மரண சாசனம் கூறுகிறது என்று வாசித்துக் காட்டியவன் அந்தோணி. இப்போது அதே சாசனத்தை எடுத்துவரச் சொல்லி, அக்கொடையில் எதைக் குறைக்கலாம் என்று ஆராய்கிறான். கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் தன் சகோதரியின் மகனைச் சேர்க்கவும் இசைகிறான். கண்ணீர்விட்டுக் கேட்ட மக்கள் இக்காட்சியைக் காண்பதில்லை, மாணாக்கன் காண்கிறான். இந்நாடகம் தரும் கல்வி அதுவே.

நம் நாட்டில் 1989 முதல் 18 வயதிலேயே வாக்குரிமை கிடைக்கிறது. இன்று உயர் வகுப்பில் அமர்ந்திருப்போர் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளர் ஆவர். வெளி மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகளோ, வீட்டில் தமிழும் வீதியில் வேறொரு மொழியும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கின்றனர். மேடைகள் பல, மொழிகள் பல. எம்மொழியில் யார் பேசினும், உள்ளத்தைத் தொடும் பேச்சு அறிவையும் தொடுகிறதா என்று ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். அப்பழக்கத்தை வகுப்பறையிலேயே அளிக்கவல்ல நாடகத்தைப் பழையதென்று ஒதுக்குதல் தகாது.