கத்தி பிடிக்கும் கைக்குச் சட்டமும் தெரிய வேண்டும்

வானொலியில் மருத்துவ நேரத்தை நடத்தும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பாரம் கொடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியலை தம்பி" என்று கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கேட்டார். அந்தப் பாரத்தைப் பெரும்பாலும் நீட்டுவது பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர். அதன் சட்டப் பொருள் அவருக்குக் கற்றுத் தரப்பட்டதா என்பதே என் கேள்வி.

1982இல் சாலை விபத்தில் கழுத்தில் அடிபட்ட ஒரு பெண், பெட்டாலிங் ஜெயா அசுந்தா மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் பின் முடங்கிப்போனார். உயர் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். 2006 டிசம்பரில்தான் கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 24 ஆண்டுக் காத்திருப்பு!

அந்தத் தீர்ப்பு ஒரு விதியையே மாற்றியது. அதற்கு முன், மற்ற மருத்துவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்றால் போதும். அது 1957ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கில் பிறந்த அளவுகோல். ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அது பொருந்தாது என்ற நீதிமன்றம், 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தீர்ப்பைப் பின்பற்றியது. அங்கே, அறுவை சிகிச்சையால் நல்ல கண்ணும் பாதிக்கப்படலாம் என்று ஒரு பெண்ணிடம் மருத்துவர் சொல்லவில்லை. 14,000 பேரில் ஒருவருக்கு நேரும் ஆபத்துதான். ஆனால் அவருக்கு நேர்ந்துவிட்டது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை இனி மருத்துவரின் வழக்கம் மட்டும் தீர்மானிக்காது. நோயாளிக்கு எது முக்கியம் என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழில் பக்கமும் எளிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக் திறக்க, 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2017 ஜூலை முதல், தொழில்முறைக் காப்புறுதி இல்லாமல் ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது. 2025 மே முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும். "மருத்துவர் எங்கள் ஊழியர் அல்ல" என்று சொல்லித் தனியார் மருத்துவமனை பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2024இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது. அப்படியானால் மருத்துவமனையோடு போடும் ஒப்பந்தத்தையும் இளம் மருத்துவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சிக்கு வரும் இளம் அறுவை மருத்துவர்களிடம் இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்பேன். "சீனியரைப் பார்த்துத்தான்" என்பார்கள். தையல் போடுவதை அப்படிப் பழகலாம். சட்டத்தை அப்படிப் பழகினால் சீனியரின் தவறும் சேர்ந்தே வரும்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர், அனுபவமுள்ள ஒரு தாதி, மாதம் ஒரு மதியம் போதும். மலாய்ப் பாரத்தைத் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு விளக்கி, "நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க பாட்டி" என்று கேட்கும் பயிற்சியும் அதில் இருக்கட்டும். பாட்டி சரியாகத் திருப்பிச் சொன்ன பிறகு பேனாவைக் கொடுக்கலாம்.