தசைச் சிதைவு நோயும் தொலைவழிப் பயிற்சியும்

பயிற்சியினால் தசைகள் வலுப்பெறும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், இவ்விதியை அப்படியே கைக்கொண்டால் தீங்கு விளைவிக்கும் நோய் ஒன்று உண்டு. டூஷென் தசைச் சிதைவு எனப்படும் அந்நோய் ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவரைப் பற்றுகிறது. தசை நாரின் உறையைத் தாங்கி நிற்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் இக்குழந்தைகளின் உடலில் உண்டாவதில்லை. ஆகவே, பளுவைத் தாங்கியவாறே தசை நீளும்பொழுது அவ்வுறை எளிதில் கிழிகிறது. படியிறங்குதல், குதித்தல், உட்கார்ந்தெழுதல் ஆகியவற்றில் இது நிகழக்கூடும்.

எனினும், அசைவின்றி இருத்தலும் நன்றன்று. மூட்டுகள் இறுகும், எஞ்சிய தசைகளும் மெலியும். நெதர்லாந்தில் இந்நோயுற்ற 30 சிறுவரைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2013-இல் வெளியாயிற்று. விசையின் துணையுடன் கை கால்களால் சக்கரத்தைச் சுழற்றும் பயிற்சி, வாரத்தில் 5 நாள், 24 வாரங்கள் அளிக்கப்பட்டது. பயின்றவரின் இயக்கத்திறன் பெரும்பாலும் குன்றாதிருந்தது, பயிலாதவர்க்கோ குறைந்தது. எனவே, பயிற்சி வேண்டுமா என்பதன்று வினா. எவ்வளவு வேண்டும் என்பதே வினா.

இவ்வளவை நிர்ணயிக்க நிபுணர் தேவை. கொச்சியின் மேற்குப் பகுதியிலுள்ள பள்ளுருத்தியில் இத்தகைய சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். களமச்சேரி அரசு மருத்துவக் கல்லூரிக்குச் செல்ல, உப்பங்கழியின் பாலத்தைக் கடந்து நகரின் மறுகோடியை அடைய வேண்டும். சக்கர நாற்காலியுடன் வாரந்தோறும் இப்பயணம் எளிதன்று. இங்கேதான் தொலைவழிப் பயிற்சி பயன்படுகிறது.

முதற் பரிசோதனை நேரிலேயே நடைபெற வேண்டும். இதயமும் சுவாசமும் சோதிக்கப்பட வேண்டும். பின்னர், பயிற்சியாளர் கைப்பேசித் திரையில் நோக்கியவாறு வழிகாட்ட, தாயோ தந்தையோ கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகிய மூட்டுகளை மெல்ல நீட்டிவிடுவர். ஆனால், திரை தொட்டறியாது. மூட்டின் இறுக்கத்தைக் கையால் உணர நேரில் ஒருவர் வேண்டும். கேரள அரசு 2008-இல் வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கையைத் தொடர்ந்து, உள்ளாட்சி மன்றங்களின் வாயிலாகச் செவிலியர் வீடுதோறும் சென்று வருகின்றனர். இத்தகைய ஊழியர் நிபுணருக்குக் கைகளாக அமையலாம்.

ஊழியர் கவனிக்க வேண்டிய குறிகள் சில: பயிற்சிக்கு மறுநாளும் தசைவலி நீடித்தல், வழக்கத்தை மிஞ்சிய சோர்வு, சிறுநீர் பாலற்ற தேநீரின் நிறங்கொள்ளுதல். இவற்றுள் எது தோன்றினும் பயிற்சியை நிறுத்தி மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும். சிறுநீர் நிறம் மாறினால் தாமதம் கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. தொடையில் கையூன்றி எழும் சிறுவனையும், அடிக்கடி விழும் சிறுவனையும் சோம்பேறி எனக் கருதிவிடலாகாது. அவனுடைய கெண்டைக்கால் பருத்திருப்பதைக் கண்டு வலிமையுடையவன் என்று எண்ணுதலும் தவறு. நோயே அவ்வாறு தோற்றுவிக்கிறது. அத்தகைய சிறுவனை மைதானத்தைச் சுற்றி ஓடப் பணிக்காமல், முதலில் மருத்துவரிடம் அனுப்புக.