பெருங்கணினியின் சாவியும் பிரஜையின் உரிமையும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையிலே, 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னர், வாமனபுரம் ஆற்றின் தலைநீர் பாறைகளின்மீது புரண்டோடும் இடத்தில் அமைந்திருக்கிறது கல்லாறு என்னும் சிற்றூர். அங்கே வசிக்கும் ஒரு தோட்டத் தொழிலாளியோ காணிக்கார மூதாட்டியோ மெயின்பிரேம் என்று சொல்லப்படும் பெருங்கணினியைத் தம் ஆயுளில் ஒருமுறையேனும் நேரில் காண்பது அரிது. ஆயினும் அவர்களுடைய முதியோர் பென்ஷன், ஆதார் எண், சேமிப்புக் கணக்கின் இருப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டில் குறித்த நோயின் பெயர் ஆகிய யாவும் அவர்கள் கண்ணுக்கெட்டாத கணினி மையங்களிலே, அவர்கள் பெயர் கேட்டறியாத உத்தியோகஸ்தர்களின் பொறுப்பிலே கிடக்கின்றன. அந்த மையங்களில் சில பெருங்கணினிகளைக் கொண்டவை. சில சிறிய சர்வர்களின் கூட்டத்தால் ஆனவை. எதுவாயினும், அங்கே சேர்ந்த விவரங்களைப் பிறர் வாசிக்க இயலாதபடி குறியாக்கம் செய்து காக்கும் காரியம் எவ்வாறு நடைபெற வேண்டும், அது தவறினால் நமக்கு யாது கேடு, அதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா என்பன சாதாரணப் பிரஜையும் அறிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

பெருங்கணினி புதியதொரு சாதனமன்று. ஐ.பி.எம். ஸ்தாபனம் தன்னுடைய 360 வரிசையை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. அதன் வாரிசாகிய 370 இயந்திரமொன்று 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கணிப்பொறி வித்தையைப் பழக்கியது. இன்றும் உலகின் பெரிய பாங்குகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தங்கள் மூலக் கணக்குகளை இவ்வகை இயந்திரங்களிலேதான் வைத்திருக்கின்றன. அவற்றின் புரோகிராம்களைப் பராமரிக்கும் உழைப்பில் நம் நாட்டு இளைஞர்களின் பங்கு பெரிது. அரை நூற்றாண்டாகச் சேர்ந்த விவரங்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பதுதான் இந்த இயந்திரத்தின் பெருமை. அதுவே அதன் அபாயமும் ஆகும்.

அந்த அபாயம் கணினிக்குள் புகும் கள்வனால்தான் வரவேண்டும் என்பதில்லை. 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிட்டிகுரூப் ஸ்தாபனம் ஏறத்தாழ 39 லட்சம் வாடிக்கையாளரின் விவரங்கள் அடங்கிய காந்த நாடாக்களைச் சரக்குக் கம்பெனி ஒன்றின் வாயிலாக அனுப்பியது. பெட்டி வழியிலே காணாமற் போயிற்று. நாடாவில் இருந்தவை குறியாக்கம் செய்யப்படாத விவரங்கள். இரண்டாண்டு கழித்து இங்கிலாந்தின் வரி இலாகா, குழந்தை உதவித்தொகை பெறும் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்களை இரண்டு தகடுகளில் பதித்துத் தபாலில் அனுப்பித் தொலைத்தது. அவற்றிற்குக் கடவுச்சொல் இருந்தது, குறியாக்கம் இல்லை. இவ்விரண்டு சம்பவங்களிலும் சூழ்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. ஓர் ஊழியனின் அசிரத்தையே கோடிக்கணக்கானவர்களின் ரகசியத்தை வீதிக்குக் கொண்டுவரப் போதுமானதாயிருந்தது. நாடா தொலைந்தாலும் அதிலுள்ளது விளங்காத எழுத்துக்குவியலாக இருந்திருக்குமானால் அந்த நஷ்டம் ஒரு பெட்டியின் விலையோடு முடிந்திருக்கும்.

குறியாக்கத்தின் கணிதம் நெடுநாளாகவே நம் கைவசம் இருக்கிறது. ஐ.பி.எம்.மின் ஆராய்ச்சியில் பிறந்து 1977-இல் அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணயமாக ஏற்கப்பட்ட டி.இ.எஸ். முறை, விவரத்தைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசிய எண்ணாகிய 56 பிட் நீளமுள்ள சாவியைக் கொண்டது. 1998-இல் அதற்கெனவே கட்டப்பட்ட இயந்திரம் மூன்று நாளுக்குள் அந்தச் சாவியைக் கண்டுபிடித்துவிட்டது. 2001-இல் அதன் ஸ்தானத்துக்கு வந்த ஏ.இ.எஸ். முறை இன்றளவும் உறுதியாக நிற்கிறது. 2017 ஜூலையில் வெளியான ஐ.பி.எம்.மின் இசட்14 பெருங்கணினி, சேமித்த விவரம் முழுவதையும், அதைக் கையாளும் புரோகிராம்களை மாற்றாமலே, குறியாக்கம் செய்யும் வசதியோடு வந்தது. ஆகவே, எங்கள் இயந்திரம் பழையது, வேகம் குறைந்துவிடும், செலவு மிகும் என்று ஸ்தாபனங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த சமாதானங்களுக்கு இனி அதிக மதிப்பில்லை.

ஆனால் வசதி இருக்கிறது என்பதனாலேயே காரியம் நிறைவேறிவிடாது. குறியாக்கத்தை இயக்கிவைத்த மாத்திரத்தில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை; ஒவ்வொன்றையும் புதிய கோப்பாகப் பிரதி செய்தெழுதினால்தான் அது மறைவடிவம் பெறும். இரவு நேரத்தில் வரிசையாக ஓடும் கணக்குப் பணிகளுக்கு இடையே அதற்கு அவகாசம் தேட வேண்டும். எந்தக் கோப்பில் யாருடைய விவரம் இருக்கிறது என்பதை, எழுதியவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்ட பழைய புரோகிராம்களைப் படித்தறிய வேண்டும். குறியாக்கம் செய்த பின்னர் விவரத்தைச் சுருக்க முடியாதாகையால், சுருக்குவதை முன்னதாகச் செய்யாத ஸ்தாபனத்தில் சேமிப்புத் தேவை திடீரென்று பெருகும். இவை யாவும் பொறுமையையும் பணத்தையும் கேட்கும் வேலைகள். இவற்றை அரைகுறையாகச் செய்துவிட்டு, எங்களிடம் குறியாக்கம் உண்டு என்று விளம்பரம் செய்யும் ஸ்தாபனம் தன் வாடிக்கையாளரை வஞ்சிக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இவற்றினும் முக்கியமானது சாவியின் பராமரிப்பு. கோவில் உண்டியலைத் திறப்பதற்கு ஒருவர் கையிலுள்ள சாவி மட்டும் போதாதபடி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் போன்று, பெருங்கணினியின் தலைமைச் சாவியும் பல பகுதிகளாக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு அதிகாரியின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். அவர்கள் கூடி அதனை ஏற்றும் பாதுகாப்புச் சாதனம், யாரேனும் அதை உடைத்துப் பார்க்க முயன்றால் தன்னிடமுள்ள சாவிகளைத் தானே அழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கோப்புகளை நகர்த்தவும் காப்புப்பிரதி எடுக்கவும் அதிகாரமுள்ள சேமிப்பு நிர்வாகிக்கு, அவற்றைத் திறந்து வாசிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. முறையாக அமைத்த பெருங்கணினியில் இவ்விரு அதிகாரங்களையும் பிரித்துவைக்க இயலும். பத்தாண்டுக்கு முந்திய காப்புப்பிரதியை ஒரு நாள் கோர்ட்டார் கேட்கக்கூடும் என்பதால், அதைப் பூட்டிய பழைய சாவியும் அதுவரை இருந்தாக வேண்டும். வெள்ளமோ தீயோ மூல மையத்தை அழித்துவிட்டால் வேறு ஊரிலுள்ள மாற்று மையத்தில் விவரங்கள் மட்டுமன்றிச் சாவியும் இருக்கிறதா என்பதை ஒத்திகை பார்த்து அறிந்திருக்க வேண்டும். சாவி போய்விட்டால் விவரமும் போயிற்று. எந்த நிபுணராலும் அதனை மீட்டுத்தர முடியாது. கணக்கு வைத்திருப்பவருக்கு இது களவைவிடக் கொடிய நஷ்டம்.

குறியாக்கம் எதைக் காக்காது என்பதையும் அறிந்திருப்பது நன்று. 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தை அடுத்த ஆல்தறையில் இருந்த ஏ.டி.எம். ஒன்றில், தீயை அறிவிக்கும் கருவிபோலத் தோன்றிய பெட்டிக்குள் காமிராவை மறைத்துவைத்து, பலருடைய அட்டை விவரத்தையும் ரகசிய எண்ணையும் களவாடிப் பணம் எடுத்தார்கள்; அதன் தொடர்பில் ருமேனிய நாட்டவர் ஒருவர் மும்பையில் பிடிபட்டார். 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கிலே பண விநியோகத்துக்கு அனுமதி தரும் அமைப்பையே கள்ள புரோகிராமால் ஏமாற்றி ஏறத்தாழ 94 கோடி ரூபாயைக் கொண்டுபோனார்கள். மையத்தில் இருக்கும் கோப்பு எவ்வளவு திறமையாகப் பூட்டப்பட்டிருந்தாலும், பூட்டுவதற்கு முன்போ, உரியவரின் வேஷத்திலோ வரும் திருட்டை அது தடுக்காது. குறியாக்கம் என்னும் இதே வித்தை தீயவர் கையிலும் ஆயுதமாகிறது: 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் விவரங்களையும், 2024 ஏப்ரல் இறுதியில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினிகளையும் தாக்கியவர்கள், விவரங்களைத் தங்கள் சாவியால் பூட்டிவைக்கும் முறையினர். புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சை அதனால் தடைப்பட்டது என்பதை எண்ணும்போது மனம் பதறுகிறது. தனியே எடுத்துவைத்த காப்புப்பிரதி ஒன்றே அங்கே ரட்சகமாகும்.

இனி உரிமைகளுக்கு வருவோம். அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு ஸ்தாபனம் நம்மைப்பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், தேவை தீர்ந்தபின் அழிக்கச் சொல்லவும், குறைகேட்கும் அதிகாரியை நாடவும் நமக்கு உரிமை தருகிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள் பாதுகாப்பு நடவடிக்கைகளில் குறியாக்கத்தைப் பெயர்சொல்லியே குறிப்பிடுகின்றன. விவரம் வெளியானால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. தக்க பாதுகாப்புச் செய்யாத ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. மேற்சொன்ன உரிமைகளும் ஸ்தாபனங்களின் கடமைகளும் பெரும்பாலும் 18 மாத அவகாசத்துக்குப் பின்பே, அதாவது 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வரும்.

இச்சட்டத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அபராதம் சர்க்காரின் கஜானாவைச் சேரும்; விவரத்தைப் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. அசிரத்தையான கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க இதுவரை வழிசெய்துவந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்கிவிடுகிறது. அந்த நீக்கம் அமலாகும்வரை, மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளராகிய தீர்ப்பதிகாரி முன்பாக ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம்; கேரள மக்களுக்கு அந்த அதிகாரி தலைநகரிலேயே இருக்கிறார். பிரஜைக்கு நஷ்டஈடு தரும் பிரிவைப் பார்லிமெண்டு மீண்டும் சேர்த்தாலன்றி இந்தச் சட்டம் பூரணமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பணமே போய்விட்டால் செய்ய வேண்டியது வேறு. உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் பாங்குக்கும் தெரிவித்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, தவறு பாங்கினுடையதாயின் வாடிக்கையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. தவறு இருவருடையதுமன்றி மூன்றாம் இடத்தில் நேர்ந்ததாயின், பாங்கின் தகவல் கிடைத்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கும் நஷ்டமில்லை. வாடிக்கையாளரே பொறுப்பாளி என்று நிரூபிக்க வேண்டிய கடமை பாங்கைச் சார்ந்தது. குறுஞ்செய்தி அனுப்பியும் வாடிக்கையாளர் பதில் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி பாங்கு தப்பித்துக்கொள்ள முடியாதென்று கேரள ஹைக்கோர்ட்டு 2019 ஜனவரியில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் பாங்கு பதிலளிக்காவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விசாரித்து அறியலாம்.

மலையோரக் கிராமங்களில் மக்கள் பணம் போட்டுவைப்பது பெரும்பாலும் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களிலே என்பதால் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆரம்ப விவசாயக் கடன் சங்கங்கள் பேச்சுவழக்கில் பாங்கு என்று அழைக்கப்பட்டாலும், அவை ரிசர்வ் பாங்கின் அதிகாரத்துக்கு உட்பட்டவையல்ல; மேற்சொன்ன உத்தரவும் குறைதீர்ப்பாளரும் அவற்றிற்குப் பொருந்தா, வைப்புத்தொகை இன்ஷூரன்ஸும் இல்லை. அங்கே உறுப்பினர் நாட வேண்டிய இடம் கூட்டுறவுப் பதிவாளரின் அலுவலகம். சங்கத்தின் கணக்குகள் எந்தக் கணினியில் இருக்கின்றன, அவை குறியாக்கம் செய்யப்பட்டிருக்கின்றனவா, சாவி யார் பொறுப்பில் இருக்கிறது, காப்புப்பிரதியைத் திறந்து கடைசியாகப் பரீட்சித்தது எப்போது என்று பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்டு, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி வற்புறுத்துவதற்கு உறுப்பினராக இருந்தால் போதும், கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை.