மூடை ஓடுமா? புகையிரதத்தில் சரக்கு அனுப்புவோர் கவனத்துக்கு

ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து அரிசி வியாபாரிகளுக்கு லொறியில் கயிறு கட்ட யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அதே சரக்கைப் புகையிரத வாகனிலோ கொள்கலனிலோ ஏற்றினால் கதவைச் சாத்துவதோடு வேலை முடிந்தது என்று இருந்து விடுகிறார்கள். "நாலு பக்கமும் இரும்புச் சுவர், மூடை எங்க காக்கா ஓடப்போகுது?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஓடும்.

புகையிரதம் பிரேக் பிடிப்பதால் பெரிய பாதிப்பில்லை. நிலையத்தில் பெட்டிகளைக் கோர்க்கும்போது ஒன்றோடொன்று இடிக்கிறதே, ஆபத்து அங்கேதான். 2014இல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கொள்கலன் ஏற்றல் நெறிமுறை, புகையிரதச் சரக்கு நீளவாட்டிலும் பக்கவாட்டிலும் தன் எடையில் பாதியளவு விசையைத் தாங்கி நிற்க வேண்டும் என்கிறது. கணநேர இடிப்பில் அது முழு எடையளவுக்கும் போகலாம். 50 கிலோ மூடை 400 ஏற்றினால் 20 தொன். பாதியென்றாலே 10 தொன் தள்ளுகிறது. கொள்கலனின் கதவுப் பக்கமோ அதன் உச்சச் சுமையில் 40 சதவீதத்துக்கே சோதிக்கப்படுகிறது.

ஆகவே இடைவெளி விடாதீர்கள். இடைவெளி இருந்தால்தான் சரக்கு ஓடிவந்து மோதும். மீதி இடத்தைப் பலகைச் சட்டத்தால் அடையுங்கள். பிளாஸ்ரிக் மூடைகள் வழுக்கும். செங்கல் கட்டுவது போல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பாரமானது அடியில், இலேசானது மேலே. ஒரு பாதியில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 400 மூடையில் 240தான் எல்லை. நைலோன் கயிறு இழுபடும், பட்டி நல்லது. ஈரப்பலகையை உள்ளே வைத்தால் இரவுக் குளிரில் கூரையில் நீர் கோர்த்து அரிசியில் சொட்டும். வாவிக்கரைக் காற்றின் ஈரமே நமக்குப் போதும். கருவாட்டையும் துணியையும் ஒன்றாக ஏற்றுவோரைப் பற்றி நான் என்ன சொல்ல!

செலவு கூடுகிறதே என்பீர்கள். சரக்குக் காப்புறுதியில் உலகெங்கும் வழங்கும் விதிகள், உரிமையாளரோ அவரது ஆட்களோ சரியாக அடுக்காததால் வரும் நட்டத்தை ஏற்பதில்லை. பலகைக்கு மிச்சம்பிடித்த காசு அங்கே போய்விடும்.

கதவை முதலில் திறப்பவர் ஏற்றிய நாட்டாமை அல்ல. கொழும்பில் நிற்கும், உள்ளே என்ன நடந்தது என்று அறியாத வேறொருவர். சரிந்த மூடைகள் கதவில் சாய்ந்திருந்தால் அவர் மேல்தான் விழும். கதவுக்கு உட்புறம் குறுக்கே பட்டி கட்டி, அதைப் பற்றுச்சீட்டிலும் எழுதி அனுப்புங்கள்.