டாக்டரின் வருமானம் யாருக்குத் தெரியலாம்?

கணக்கு நோட்டில் நோயாளியின் பெயரும் இருக்கிறது!

ஆடி மாதம். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் கூட்டம் அலை மோதுகிறது. வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவோர் ஒரு பக்கம். பொங்கல் வைப்போர் ஒரு பக்கம்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு பல் டாக்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையில் கதவைத் திறந்தால் இரவு வரை ஆள் வருகிறது. பெஞ்சில் காத்திருப்பவர்கள் மனக்கணக்குப் போடுகிறார்கள்.

"ஒரு பல் பிடுங்க இவ்வளவு. ஒரு நாளைக்கு இத்தனை பேர். அப்படியானால் மாதம் எவ்வளவு?"

கணக்கு சரியா, தப்பா? டாக்டருக்குத் தெரியும். வருமான வரி அலுவலகத்துக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியலாம்?

மேஜை மேல் ஒரு நோட்டு

வைத்தியத் தொழில் செய்வோர் தினமும் கணக்கு எழுத வேண்டும் என்று வருமான வரி விதிகள் ஏற்பாடு செய்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. டாக்டர், பல் டாக்டர், சித்த வைத்தியர் யாராக இருந்தாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும்படி இருந்தால் இந்த நோட்டை வைத்தாக வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி. நோயாளியின் பெயர். செய்த சிகிச்சை. வாங்கிய பணம். பணம் வந்த தேதி. இந்தக் கணக்கை 6 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அந்த விதி கூறியது.

கவனித்தீர்களா? பணக் கணக்குதான். ஆனால் அதில் நோயாளியின் பெயரும் இருக்கிறது! என்ன சிகிச்சை என்பதும் இருக்கிறது!

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞனின் பெயர் அதில் இருக்கலாம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டுப் பெண்ணின் பெயர் இருக்கலாம். டாக்டர் எவ்வளவு சம்பாதித்தார் என்று வேடிக்கை பார்க்க ஒருவர் அந்த நோட்டைப் புரட்டினால், யார் யாருக்கு என்ன வியாதி என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். வேலை போகும். சம்பந்தம் முறியும்.

டாக்டரின் கணக்கைக் காப்பது அவருடைய பணத்துக்காக மட்டும் அல்ல. நோயாளியின் மானத்துக்காகவும்தான்.

பூட்டிய பெட்டி

வரி அலுவலகத்துக்குப் போன கணக்கு அங்கே எப்படி இருக்கிறது?

ஒரு காலத்தில் அது பூட்டிய பெட்டி. 1922-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, கோர்ட்டுகூட அதைக் கொண்டுவா என்று அதிகாரிக்கு உத்தரவிட முடியாது! 1961-ஆம் ஆண்டுச் சட்டமும் முதலில் அந்தப் பூட்டை அப்படியே வைத்திருந்தது.

1964-ல் பூட்டுத் தளர்ந்தது. பொதுநலனுக்குத் தேவை என்று கமிஷனர் கருதினால் விவரம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் அரசாங்க ஆணை தடுத்த விவரத்தை வெளியிட்ட ஊழியருக்கு 6 மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு என்றும் அந்தச் சட்டம் எச்சரித்தது. பின்னர் 2025-ல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. வரி கட்டுவோரின் விவரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்ற கட்டுப்பாடு அதிலும் இருக்கிறது.

2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. "மனுப் போட்டால் எவருடைய வருமானக் கணக்கும் கிடைக்கும்" என்று பலர் நினைத்தார்கள். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியது. வருமான வரிக் கணக்கு ஒருவருடைய சொந்த விவரம். பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய அதை மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே தீர்ப்பு.

மனைவி கேட்டால்?

டாக்டர் கணவர் பிரிந்து போய்விட்டார். மனைவி ஜீவனாம்சம் கேட்கிறாள். "எனக்கு வருமானமே இல்லை" என்கிறார் கணவர். அவள் என்ன செய்வாள்?

வரி அலுவலகத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு வழி சொன்னது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். ஊருக்கு மறைத்த கணக்கை நீதிபதியிடம் மறைக்கக் கூடாது!

அரசாங்க டாக்டர் சம்பளம்

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரின் விஷயம் வேறு. அவர் சம்பளம் மக்கள் கொடுக்கும் வரிப் பணம். ஒவ்வோர் அலுவலகமும் தன் அதிகாரிகள், ஊழியர்களின் மாதச் சம்பளத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டம் கூறுகிறது. இதில் ரகசியம் இல்லை.

தனியார் டாக்டரிடம் நோயாளி எதைக் கேட்கலாம்? வருமானத்தைக் கேட்க முடியாது. கட்டணத்தைக் கேட்கலாம்! டாக்டர் தம் கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பையில் பணம் போதுமா என்று தெரிந்துகொண்ட பிறகு உள்ளே போகலாம்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் டாக்டர்கள், பல் டாக்டர்களின் வருமானத்தை வரிக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். பெயரை நீக்கிவிட்டுச் சராசரியை மட்டும் வெளியிடுகிறார்கள்.

நார்வேயில் யாருடைய வருமானத்தையும் யாரும் பார்க்கலாம். ஆனால் 2014 முதல் ஒரு நிபந்தனை. பார்த்தவர் யார் என்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரிந்துவிடும்! எட்டிப் பார்க்கும் ஆசை பலருக்குக் குறைந்தது.

அமெரிக்காவில் முதியோர் வைத்தியத்துக்கு அரசாங்கம் ஒவ்வொரு டாக்டருக்கும் கொடுத்த பணத்தை வெளியிட 1979-ல் கோர்ட்டு தடை போட்டது. 34 ஆண்டுகள் கழித்து, 2013-ல் தடை நீங்கியது. 2014-ல் பட்டியல் வந்தது. 8 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல்! தொகை 7,700 கோடி டாலர்! அந்தப் பட்டியலில் நோயாளிகளின் பெயர் இல்லை. ஒரு சிகிச்சையை 10 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்களே பெற்றிருந்தால், அந்த வரியையே நீக்கிவிட்டார்கள். ஏன்? ஆட்கள் குறைவாக இருந்தால் இன்னார் என்று ஊகித்துவிடலாம் அல்லவா?

பலகை வெளியே, நோட்டு உள்ளே

பெரியபாளையம் பெஞ்சுக்குத் திரும்புவோம். காத்திருப்பவர் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய முறை வருகிறது. பல் வலி தீர்கிறது. டாக்டர் நோட்டைத் திறந்து அவர் பெயரை எழுதுகிறார்.

அந்த நொடியில் அவர் மனம் மாறுகிறது. "இதை வேறு யாரும் பார்க்க மாட்டார்களே, டாக்டர்?" என்று கேட்கிறார்.

டாக்டர் நோட்டை மூடி மேஜை அறையில் வைத்துப் பூட்டுகிறார். கட்டணப் பலகை மட்டும் வாசலில், எல்லோரும் படிக்கும்படி தொங்குகிறது.