உங்களுக்குத் தெரியுமா? குடிமராமத்தில் பத்தில் ஒரு பங்கு
வாய்க்கால், ஏரி வேலைக்கு வழக்கப்படி ஆள் அனுப்பாத ஊராரிடம் தண்டம் வசூலிக்க, ஆங்கிலேய அரசு 1858-இல் சட்டமே போட்டது. ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரிக்கும் அந்தப் பழைய குடிமராமத்து வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் மீட்டெடுத்தது. அத்திட்டத்தில் செலவின் 90 சதவீதம் அரசுடையதாகவும், 10 சதவீதம் அந்த நீரில் பாசனம் பெறும் ஆயக்கட்டு விவசாயிகளுடையதாகவும் இருந்தது. பணமாகத்தான் தர வேண்டும் என்றிருக்கவில்லை. உழைப்பாகவோ பொருளாகவோ தர முடிந்தது. ஆனால், பங்குத் தொகையைவிட முக்கியம் விவசாயிகளிடம் யோசனை கேட்பது. எந்த மதகடியில் மண் மேடிட்டிருக்கிறது என்று காவிரி டெல்டாவில் நன்னிலம் பக்கம் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவரைக் கேட்டால் நொடியில் சொல்வார். வேலைக்கு மதிப்பீடு போடும் முன்பே அவரைக் கேட்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தாலும், சி, டி எனப்படும் சிறு கிளை வாய்க்கால்களில் நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தால் தண்ணீர் வயலுக்கு ஏறாது.