அப்பாருவின் துப்பாக்கியும் 78 அங்குலக் கணக்கும்

சென்ற விடுமுறையில் குழந்தைகளோடு கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தேன். தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் சித்தூர் வட்டத்து ஊர் அது. அப்பாரு காலமானதும், சட்டப்படி அவருடைய பழைய துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்திருந்தோம். விற்றுவிடலாம் என்றார் அப்பா. "விக்கக் கூடாது கண்ணு. 1857 கலகத்துப் பட்டாள ரைபிள் அது" என்றார் சித்தப்பா. இதனால் அண்ணன் தம்பிக்குள் பேச்சே குறைந்திருந்தது. உண்மையை அறிய மூவருமாகக் கடைக்குப் போனோம்.

குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். மற்றதில் திருகாணி மரைபோலப் பள்ளங்கள் சுற்றிச் செல்லும், அதுவே ரைபிள். சுற்றும் பம்பரம் சாயாது அல்லவா? அதுபோலச் சுழன்று போகும் குண்டு திசை மாறாது. பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறது என்பதே கணக்கு. 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீண்ட குண்டுக்கு இன்னும் வேகமான சுழற்சி வேண்டும். அதனால் விட்வொர்த் ரைபிளில் 20 அங்குலத்துக்கே ஒரு சுற்று.

கடைக்காரர் முதலில் குழலுக்குள் கம்பியை விட்டு, அது அடிவரை போகிறதா என்று வெளியே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். உள்ளே பழைய மருந்து இல்லை என்று உறுதியான பிறகே மற்ற வேலை. பிறகு, கைப்பிடி தனியாகச் சுழலும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றி அடிவரை செலுத்தினார். குழல் வாயருகே கம்பியின் மேற்பக்கம் ஓர் அடையாளம் இட்டார். மெல்ல இழுக்கும்போது, பள்ளம் இருந்தால் துணியோடு கம்பியும் திரும்பும். மேலே இருந்த அடையாளம் பக்கவாட்டுக்கு வந்தால் கால் சுற்று. அதுவரை வெளியே வந்த நீளத்தை 4ஆல் பெருக்க வேண்டும். என்ஃபீல்டு என்றால் 19½ அங்குலத்தில் கால் சுற்று வரும். அதன் குழலே 39 அங்குலம்தான் என்பதால் முழுச் சுற்றுக்குக் காத்திருக்க முடியாது.

துணி வழுக்கியிருக்கலாம் என்று மூன்று முறை இழுத்தார். கம்பி துளியும் திரும்பவில்லை. விளக்கு வைத்துப் பார்த்தபோதும் பள்ளம் தெரியவில்லை. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்கு வழுவழுப்புக் குழல் துப்பாக்கிகளையே கொடுத்தார்கள்; ஆகவே பட்டாளத்துக் கதையை இது முழுதாகப் பொய்யாக்காது. ஆனால் ரைபிள் இல்லை.

வீட்டில் அப்பத்தாவிடம் சொன்னோம். "அதனாலதான் காட்டுப்பன்னி வந்தா, கிட்ட வரட்டும், கிட்ட வரட்டும்னு மூச்சை அடக்கிட்டு உட்காந்திருப்பாரு" என்றார். தூரத்துக்கு உதவாத குழல் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ரைபிள் என்று ஒருநாளும் அப்பாரு சொன்னதில்லை. பெருமைக்காக நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம்.

சற்று நேரம் கழித்து அப்பாவே, "உம் பேருக்கே மனு எழுதிப் போடு" என்று தம்பியிடம் சொன்னார்.